விறகோடு வந்தவர்கள் டிரஸ்ஸர் கிரகரி ஐயாவுக்கு வாசித்தளித்தது

பேரன்பும் பெருமதிப்பும் பெருங்கோபமும் ஒருங்கே உடைய பெருந்தகையே! புதுமலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியின் புகழே! கொதிக்காத நீரைத் தொடாதவரே, கழுவாத கையைக் கண்டால் விடாதவரே! காய்ச்சலுக்குக் கசப்பு மருந்தும், குறுக்கே பேசியவருக்கு அதைவிடக் கசப்பான வார்த்தையும் தட்டாமல் தந்த தயாளரே! டிரஸ்ஸர் கிரகரி ஐயா அவர்களே! தங்களுக்கு எங்கள் கழுவிய கைகளைக் கூப்பி வணக்கம் சொல்கிறோம்.

இந்த மலை காடாக இருந்து, முதல் தேயிலைக் கன்று மண்ணைத் தொட்ட காலத்தில், டாக்டர் இல்லாத தோட்டத்தில் வைத்தியம் பார்க்கும் டிரஸ்ஸராக, மருந்துப் பெட்டியைத் தலைச்சுமையாக ஏற்றிக்கொண்டு இங்கு வந்தவர் தாங்கள். இன்று பணி ஓய்வு பெற்று, அடிவாரத்துத் தாப்பா ஊரில் இருக்கும் மகள் வீட்டுக்கு மலையிறங்கப் போகிறீர்கள். தங்களோடு பணியாற்றிய ஆஸ்பத்திரி ஊழியர், ஆபீசில் கணக்கெழுதும் கிராணிமார், டீ பேக்டரித் தொழிலாளர், கங்காணிமார் ஆகிய நாங்கள் ஒன்றுகூடி இந்த மடலை வாசித்தளிக்கிறோம். எழுதும் பொறுப்பை ஸ்டோர் கிராணி சிங்காரத்தின் தலையில் கட்டிவிட்டோம். ஆகவே இதில் குற்றம் கண்டால் அவரைத் திட்டுங்கள். குணம் கண்டால் அதில் எங்கள் எல்லோருக்கும் பங்கு உண்டு.

இத்தகைய மடல்களில் ஓய்வு பெறுபவரை முழுமதி என்றும் இளங்கதிர் என்றும் எழுதுவது வழக்கம். தங்களை நிலவு என்று எழுதினால் என்ன நடக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். எழுதியவரைப் பெஞ்சில் உட்காரவைத்து, வாயில் தெர்மாமீட்டரைச் செருகி, காய்ச்சல் எத்தனை என்று பார்ப்பீர்கள். அட்டைக்கடி முதல் பிரசவம் வரை தாங்கள் பார்த்த வைத்தியத்தைப் பட்டியல் போடலாம் என்றால், "அதுக்குத்தானய்யா சம்பளம் குடுத்தாங்க" என்பீர்கள். ஆதலால் நிலவையும் விட்டுவிட்டோம், பட்டியலையும் விட்டுவிட்டோம். ஒரே ஒரு காலைப் பற்றி மட்டும் எழுதுகிறோம். கங்காணி கருப்பையாவின் வலது கால் அது. இம்மடல் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தங்கள் மகள் வீட்டுச் சுவரில் தொங்கப்போவது. அங்கே வந்து படிக்கிற முன்பின் தெரியாதவருக்கும் விளங்கவேண்டும் என்பதால் முதலிலிருந்தே சொல்கிறோம்.

இல்லாமையிலும் இளைக்காத ஏந்தலே!

யுத்தத்தில் மலாயாவை ஜப்பான்காரன் பிடித்திருந்த காலம் அது. தோட்டத்து வெள்ளைக்காரத் துரை சிறைக்குப் போய்விட்டார். அவர் பங்களாவில் ஜப்பானிய அதிகாரி ஒருவர் குடியேறினார். தேயிலைச் செடியைப் பிடுங்கிவிட்டு மரவள்ளியும் கீரையும் நடு என்று உத்தரவு வந்தது. பிள்ளை போல வளர்த்த செடியைப் பிடுங்கியவர்கள் அன்று அழுதார்கள், பிடுங்கச் சொல்லி அதட்டிய கங்காணிமாரும் அழுதார்கள். தங்கள் மருந்து அலமாரியோ, தீபாவளிக்கு மறுநாள் பலகாரத் தட்டு மாதிரி ஆகிவிட்டது. மலேரியா மருந்து தீர்ந்தது. பஞ்சு தீர்ந்தது. சர்க்கரை வியாதிக்காரருக்குப் போடும் இன்சுலின் ஊசி மருந்தின் கடைசிப் புட்டி எப்போது தீர்ந்தது என்பதே எங்களுக்கு மறந்துவிட்டது. மிஞ்சியது கொஞ்சம் அயோடினும், கொஞ்சம் உப்பும், தங்கள் வாயும்தான்.

கருப்பையாவுக்குச் சர்க்கரை வியாதி இருந்தது. யுத்தத்துக்கு முன்பே தாங்கள் கண்டுபிடித்துச் சொன்னது. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "சர்க்கரைன்னு பேரு வெச்சுட்டு வியாதிங்கறாரு, டிரஸ்ஸருக்கு வேற வேலை இல்ல" என்று தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் முழுக்கச் சொல்லிச் சிரித்தவர் அவர். ஆள் கட்டை குட்டையாக இருந்தாலும் குரல் மலை தாண்டும். அவர் ஒரு சத்தம் போட்டால் கீழ்ப்பிரிவில் கொத்துகிறவனும் மண்வெட்டியைத் தூக்குவான்.

பக்கத்து ஊர் திரிங்காப்பில் விளைந்த முட்டைக்கோசை ஏற்றிக்கொண்டு கரி வாயுவில் ஓடும் லோரி ஒன்று எங்கள் மேட்டில் மூச்சு முட்டி நின்றது. பின்னால் உருளாமல் இருக்க டயருக்குக் கல் கொடுக்கப் போனார் கருப்பையா. கல்லை வைத்தார், காலை எடுக்கவில்லை, லோரி உருண்டு காலில் ஏறிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாக முறிந்து, ஒரு முனை தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து மண்ணில் குத்தியது. மழைக்காலத்து மண், மாட்டுச்சாணம் கலந்த மண். அவரைக் கதவுப் பலகையில் கிடத்தித் தூக்கிவந்தபோது, மலை தாண்டும் அந்தக் குரல் ஒரு முனகலாகக்கூட வரவில்லை. எங்களுக்குப் பயமாக இருந்தது.

நல்ல வேளையாக, தாப்பாவிலிருந்து ஒரு டாக்டர் ஜப்பானிய அதிகாரியின் காய்ச்சலைப் பார்க்க அன்று மலையேறி வந்திருந்தார். தங்கள் ஆஸ்பத்திரி மேசையிலேயே கருப்பையாவை மயக்கி, புண்ணை அகலத் திறந்து, மண்ணையும் செத்த சதையையும் எலும்புத் துணுக்குகளையும் எடுத்து, எலும்பை நேராகச் சேர்த்து மாவுக்கட்டுப் போட்டார். புண்ணைப் பார்த்துக் கழுவுவதற்காக மாவுக்கட்டில் ஒரு ஜன்னல் வெட்டிவிட்டார். புறப்படும்போது அவர் சொன்னதை வாசலில் நின்ற எல்லோரும் கேட்டோம்.

"எலும்ப நான் சேத்துட்டேன் கிரகரி. காலைக் காப்பாத்துறது உங்க கையில இருக்கு. சர்க்கரை உள்ள உடம்பு. புண்ணுல சீழ் வெச்சா நிக்காது, எலும்புக்குள்ள போயிரும். சர்க்கரைய இறக்குங்க, புண்ணுல அழுக்குப் படவிடாதீங்க. ரெண்டுல ஒண்ணு தவறினாலும் நான் ரம்பத்தோடதான் திரும்பி வரணும். அதுக்கு மயக்க மருந்து என்கிட்ட இருக்குமான்னும் சொல்ல முடியாது."

அந்த ரம்பத்தை அன்றே கண்ணால் கண்டதுபோல் இருந்தது எங்களுக்கு. கருப்பையாவின் மனைவி மணியம்மா வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார், அழக்கூட இல்லை. கால் போன கங்காணிக்கு அந்தக் காலத்தில் அரிசிப் பங்கீடு கிடையாது. சர்க்கரை உடம்பில் கால் எடுத்தால் ஆள் மிஞ்சுவதே பத்தில் ஒன்று என்பார்கள். ஆக, அந்த ஒரு காலில்தான் அந்த மனிதரின் உயிரும் அவர் வீட்டு அடுப்பும் நின்றன.

கொதிநீர்க் கோமானே!

அதன் பிறகு தாங்கள் செய்தவற்றை அப்போது நாங்கள் கிறுக்கு என்று சொன்னோம். இன்று முறை என்று சொல்கிறோம். புண்ணைத் தொடுமுன் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவவேண்டும். சோப்பு இல்லாதபோது பாமாயிலையும் சாம்பலையும் காய்ச்சித் தாங்களே ஒரு சோப்பு செய்தீர்கள், அதன் வாடைக்கு ஈயே ஓடிப்போயிற்று. உப்புப் போட்டுக் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரைத் தவிர வேறெதுவும் புண்ணில் படக்கூடாது. கட்டுத்துணிக்கு லயத்துப் பழைய வேட்டிகளைக் கேட்டு வாங்கி, பெரிய அண்டாவில் கொதிக்கவைத்தீர்கள். அவற்றை வெளியில் காயப்போட்டால் தூசி படும் என்று டீ பேக்டரிக்குத் தூக்கிப்போனீர்கள். அங்கே டீ மேக்கர் ராமசாமி, சும்மா கிடந்த டிரையரைச் சூடாக்கி, தேயிலைக் கொழுந்து காயவேண்டிய தட்டில் வேட்டிக் கிழிசலைக் காயவைத்தார். தேயிலை அனுப்பும் பெட்டியில் ஈயத்தாள் ஒட்டியிருக்கும் அல்லவா, அதற்குள்ளே அந்தத் துணிகளை அடுக்கி மூடினீர்கள். சீமைக்குப் போக வேண்டிய பெட்டியில், கருப்பையாவோடு வேலை செய்த முனியாண்டியின் வேட்டி குடியேறியது. ராமசாமி இன்றும் சொல்வார், அந்த டிரையரிலிருந்து வந்த சரக்கிலே அதுதான் முதல் தரம் என்று.

காலையில் தங்கள் முதல் வேலை, அந்தக் கட்டின் ஜன்னலருகே குனிந்து மோந்து பார்ப்பது. பிறகு புறங்கையால் சூடு பார்ப்பது. பிறகு கால்விரல்கள் சிவந்திருக்கின்றனவா, வெளுத்திருக்கின்றனவா என்று பார்ப்பது. முறிந்த காலை மட்டும் பார்த்தால் போதாது, சர்க்கரைக்காரனுக்கு மற்றக் குதிகாலும் படுக்கை உரசிப் புண்ணாகும் என்று, நல்ல காலையும் தூக்கித் தூக்கிப் பார்ப்பீர்கள். "முறிஞ்ச காலத் தேடிக் கண்டுபிடிக்கத் தெரியாம இந்தக் காலைப் பாக்குறாரு" என்று கருப்பையா வலியிலும் கேலி செய்தார்.

எல்லாவற்றிலும் எங்களுக்குக் கசந்தது, பார்க்க வருபவருக்குத் தாங்கள் போட்ட சட்டம். நம் ஆட்களுக்குப் புண்ணை எட்டிப் பார்க்காவிட்டால் தூக்கம் வராது. கட்டை ஒரு விரலால் தூக்கி, "ஐயோ பாவமே" என்று ஒரு மூச்சு விட்டு, அந்த விரலாலேயே கண்ணைத் துடைத்தால்தான் பார்த்த மாதிரி. தாங்கள் வாசலில் கயிறு கட்டிவிட்டீர்கள். "கயித்துக்கு அந்தாண்ட நின்னு அழுங்க, யாரு வேணாம்னா?" என்றீர்கள். கிழங்கு வேண்டாம், சோறு வேண்டாம், கருப்பட்டி வேண்டாம், கோயில் பொங்கலும் வேண்டாம், சர்ச் ரொட்டியும் வேண்டாம் என்று கட்டளை. கீரை, பீன்ஸ், நெத்திலி, கிடைத்தால் முட்டை. வேறெதுவும் உள்ளே போகக்கூடாது. மாரியம்மன் பிரசாதத்தைத் திருப்பி அனுப்பியவர் உருப்படமாட்டார் என்று லயத்தில் பேச்சு எழுந்தது. ஊர்வாயை மூட உலைமூடி ஏது? தாங்களும் மூடப் பார்க்கவில்லை.

அத்தனை கட்டுக்காவல் இருந்தும் ஒரு காரியம் நடக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு நீல மருந்து உண்டு. அதில் நோயாளியின் சிறுநீரைச் சில துளி விட்டுக் காய்ச்சினால், சர்க்கரை இல்லை என்றால் நீலம் நீலமாகவே இருக்கும். கொஞ்சம் இருந்தால் பச்சை. மிகுந்தால் செங்கல் சிவப்பு. தினமும் விடிந்ததும் தாங்கள் அதைக் காய்ச்சினீர்கள். தினமும் செங்கல். கீரை தின்கிற மனிதனுக்குச் செங்கல் எங்கிருந்து வருகிறது? அதற்குள் புண்ணின் ஓரம் சிவந்து, நசநசத்து, மெல்லிய வாடை வரத்தொடங்கிவிட்டது. மாலையில் கருப்பையாவுக்கு உடம்பு சுட்டது. தாங்கள் அன்று யாரையும் திட்டவில்லை. அதைக் கண்டுதான் நாங்கள் நடுங்கினோம்.

கருப்பையாவைக் கேட்டால், "நீங்க குடுக்கறதத் தவிர நான் ஒரு பருக்கை தின்னலீங்க" என்று கையில் அடித்துச் சத்தியம் செய்தார். அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. அப்படியானால் யார்? கயிற்றைத் தாண்டி அவரருகே போக அனுமதி பெற்ற ஒரே வெளியாள் மணியம்மாதான். மறுநாள் அவர் வந்ததும், வார்டில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கத் தாங்கள் இரைந்தீர்கள்.

"ஏம்மா, சொன்னா மண்டையில ஏறாதா? முந்தானைக்குள்ள ஒளிச்சு என்னத்தக் குடுக்கற? உம் புருசன் கால நீயே அறுத்துப் போட்டுருவ போலருக்கே!"

"நான் ஒண்ணும் குடுக்கலீங்க. ஆத்தா மேல சத்தியமா ஒண்ணும் குடுக்கலீங்க" என்றார் மணியம்மா. தாங்கள் கயிற்றைத் தூக்கி, வெளியே போ என்று கைகாட்டினீர்கள். அவர் மழையில் இறங்கிப் போனார். பாராட்டு மடலில் இதை எழுதலாமா என்று சிலர் கேட்டார்கள். எழுதாமல் விட்டால், பிறகு தாங்கள் செய்தது எவ்வளவு பெரிது என்பது தெரியாமல் போய்விடும் என்பதால் எழுதுகிறோம்.

ஆராய்ந்து அறிந்த ஆன்றோரே!

மணியம்மா வராமல் நின்ற பிறகும் செங்கல் செங்கலாகவே இருந்தது. வேறொருவராக இருந்தால் தம் கோபத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஏதாவது ஒரு காரணம் கண்டுபிடித்திருப்பார். தாங்களோ, "அப்ப அந்தப் பொம்பளை இல்ல" என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டு, ஒரு முக்காலியைத் தூக்கிப்போய் வார்டின் பின்வாசலில் போட்டு உட்கார்ந்தீர்கள்.

உச்சிவேளைக்கு மேல்லயத்து ஜெயா, முந்தானையால் மூடிய செம்போடு வந்தார். வார்டு ஆயா செல்லம் அதை வாங்கிக்கொண்டு உள்ளே நடந்தார். அவர் ஒளிந்து மறைந்து செய்யவில்லை. தங்களைக் கண்டதும் நின்று கும்பிடு வேறு போட்டார்.

"என்ன அது?"

"தண்ணிங்க ஐயா. சோறு வடிச்ச கஞ்சித் தண்ணி. நீங்க சொன்ன மாதிரி தீனி ஒண்ணும் உள்ள விடுறதில்லீங்க. உப்புகூடப் போடல."

"தினம் வருதா?"

"தினமும் வருங்க. வெறும் தண்ணிதானே லா, ஐயா. நாக்கு வறண்டு கெடக்குறாரு பாவம்."

செம்பை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தீர்கள். மேலே வெள்ளையாகக் கஞ்சி. அடியில் கெட்டியாகப் படிந்த மாவு. தாங்கள் கத்துவீர்கள் என்று செல்லம் காதைப் பொத்திக்கொண்டார். தாங்கள் கத்தவில்லை. வருகிற பெண்களையெல்லாம் நிறுத்திவைத்து, மூன்று கிண்ணம் கொண்டுவரச் சொன்னீர்கள். ஒன்றில் கீரை வெந்த தண்ணீர், ஒன்றில் மரவள்ளி வெந்த தண்ணீர், ஒன்றில் அந்தக் கஞ்சி. பொன்னைப் போல் காத்துவைத்திருந்த அயோடினில் ஒவ்வொரு சொட்டு விட்டீர்கள். கீரைத் தண்ணீர் மாறவில்லை. மரவள்ளித் தண்ணீர் மை போலக் கறுத்தது. கஞ்சியும் அப்படியே கறுத்தது.

"பாத்தீங்களா? கெழங்குல இருக்கற மாவுதான் இதுலயும் இருக்கு. அரிசியக் கொதிக்க வெச்சா அதோட மாவு எங்க போகும், ஆகாசத்துக்கா போகும்? இது வயித்துக்குள்ள போனா சர்க்கரை. அந்தச் சர்க்கரைதான் அங்க புண்ணைத் தின்னுக்கிட்டு இருக்கு."

ஜெயா தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் சொன்னபிறகுதான் முழுக்கதையும் தெரிந்தது. அரிசி கண்ணில் படாத காலம். பங்கீட்டில் கிடைக்கும் கைப்பிடி அரிசியை உலையில் போடுகிற நாளே வீட்டில் திருநாள். அந்தச் சோறு வடித்த கஞ்சியைப் பிள்ளைகளுக்குக்கூடக் கொடுக்காமல், கங்காணி தேறவேண்டும் என்று மேல்லயத்திலும் கீழ்லயத்திலும் கோயில் பக்கத்திலும் சர்ச் பக்கத்திலும் வீட்டுக்கு வீடு முறை வைத்துக்கொண்டு அனுப்பியிருக்கிறார்கள். ஒருவர் செம்பு தவறினால் அடுத்தவர் செம்பு தயார். ஜப்பான்காரன் உத்தரவு போட்டுக்கூட இந்தத் தோட்டத்தில் எந்த வேலையும் அவ்வளவு ஒழுங்காக நடந்ததில்லை. டிரஸ்ஸர் சொன்னதில் ஒன்றையும் மீறியதாக யாருக்கும் நினைப்பே இல்லை. கஞ்சியைச் சாப்பாடு என்று நம் ஆட்களில் யார் எண்ணியிருக்கிறார்கள்? குடித்த கருப்பையாவே எண்ணவில்லையே! யார் யார் வீட்டுச் செம்பு என்று இங்கே சொல்லப்போவதில்லை. இந்த மண்டபத்தில் பாதிப் பேர் இப்போது மோட்டு வளையைப் பார்த்துக்கொண்டிருப்பதே போதும்.

அந்த முறையில் சேராத ஒரே வீடு மணியம்மாவின் வீடு. டிரஸ்ஸர் ஒன்றும் கொண்டுவராதே என்று சொன்னார், அவர் ஒன்றும் கொண்டுவரவில்லை. ஊரே கொடுக்க, கொடுக்காத ஒருத்தியின் தலையில் விடிந்தது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதைத்தான்.

தவற்றை ஒப்பிய தூயோரே!

அன்று சாயங்காலம் தாங்கள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, வழுக்குகிற மண் படியில் கீழ்லயத்துக்கு இறங்கிப் போனீர்கள். டிரஸ்ஸர் லயத்துக்கு வந்தால் பிணம் பார்க்கத்தான் வருவார் என்று பயந்து எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். மணியம்மா வீட்டு வாசலில் போய் நின்றீர்கள். மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று நாங்கள் காதைத் தீட்டிக்கொண்டோம்.

"நான் சொன்னது தப்பு" என்றீர்கள். பிறகு தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினீர்கள். "நாளைலருந்து கருப்பையாவுக்குப் புண்ணு கழுவறது நீதான். வேற யாரையும் நம்பி விடமாட்டேன். காலையில வா. கை நகத்த வெட்டிட்டு வா."

மணியம்மா உள்ளிருந்தே, "நகம் வெட்டத்தான் இருக்கு. சில பேருக்கு நாக்கையில்ல வெட்டணும்" என்றார். ஆனால் விடிந்ததும் வந்தார், ஒட்ட வெட்டிய நகத்தோடு. முழங்கை வரை கழுவிவிட்டுத் தங்கள் மூக்கருகே இரண்டு கையையும் நீட்டிக் காட்டினார். அன்று முதல் அந்த ஜன்னலுக்குள் வேறு எந்தக் கையும் போகவில்லை, தங்கள் கை உட்பட.

செம்பு நின்றது. ஆனால் ஜனங்கள் முகம் வாடிப்போயிற்று. வேட்டி கொடுத்த முனியாண்டி கயிற்றுக்கு அப்பால் நின்றுகொண்டு கேட்டார்: "வெறுங்கையோட எப்படிங்க ஐயா நோயாளியப் பாக்க வர்றது? எழவு வீட்டுக்குக்கூட வெறுங்கையோட போறதில்லையே."

"விறகு கொண்டா" என்றீர்கள். "ஆளுக்கு ஒரு கட்டை. அவனுக்குத் தண்ணி கொதிக்க வெக்கணும், துணி கொதிக்க வெக்கணும். நீ குடுக்கற விறகுலதான் அவன் காலு நிக்கும்."

அவ்வளவுதான். மறுநாளே ஆஸ்பத்திரி முற்றத்தில் விறகு குவிந்தது. பிடுங்கிப்போட்ட தேயிலைச் செடியின் வேர்க்கட்டையைக் காயவைத்துச் சுமந்து வந்தார்கள். பிடுங்கும்போது அழுதவர்கள் சிரித்துக்கொண்டே கொண்டுவந்தார்கள். அண்டா அணையாமல் கொதித்தது. கோயில் பக்கத்திலிருந்து வந்த விறகும் சர்ச் பக்கத்திலிருந்து வந்த விறகும் ஒரே அடுப்பில் எரிந்தன. உப்பு வைத்திருந்தவர்கள் கேட்காமலேயே ஒரு சிட்டிகை மடித்துக் கட்டையோடு வைத்துவிட்டுப் போனார்கள்.

செங்கல் சிவப்பு மஞ்சளுக்கு வந்தது. மஞ்சள் பச்சைக்கு வந்தது. பச்சையாகிய காலை, தாங்கள் சோதனைக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, செல்லத்தின் கையில் கொடுத்துவிட்டுப் போனீர்கள். அவர்தான் அதை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்து எல்லோருக்கும் காட்டினார். காய்ச்சல் விட்டது. புண்ணின் வாடை போயிற்று. அடியிலிருந்து சிவப்பாக, சுத்தமாக, புதுச்சதை மெல்ல ஏறிவந்தது. மெல்ல என்றால் மிக மெல்ல. கருப்பையா பொறுமை போய்க் கத்தத் தொடங்கினார். மலை தாண்டும் குரல் திரும்ப வந்துவிட்டது என்று அன்றைக்கு லயமே சிரித்தது.

தாப்பா டாக்டர் மறுபடியும் லோரி கிடைத்து மேலே வந்தபோது, அவர் கையில் ஒரு மரப்பெட்டி இருந்தது. அதற்குள் என்ன இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். மாவுக்கட்டின் ஜன்னலில் குனிந்து பார்த்தார், மோந்து பார்த்தார், கால்விரலை அழுத்திப் பார்த்தார். நிமிர்ந்து தங்களைப் பார்த்தார். பெட்டியைத் திறக்காமலேயே நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு, "ஒரு டீ குடுங்க கிரகரி" என்றார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போன நேரம் அது. பாலும் சீனியும் இல்லாத வரட்டீயைத்தான் கொடுத்தீர்கள். அதைவிடத் தித்திப்பான டீயை இந்தத் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் யாரும் குடித்ததில்லை.

பண்பாளரே, எங்கள் பழக்கத்தையே பண்படுத்தியவரே!

யுத்தம் முடிந்தது. துரைமார் திரும்பி வந்தார்கள். அலமாரியில் மருந்தும் வந்துவிட்டது. ஆனாலும் இன்றுவரை புதுமலை ஆஸ்பத்திரிக்கு நோயாளியைப் பார்க்க வருகிறவர் தின்பண்டம் கொண்டுவருவதில்லை. ஒரு கட்டை விறகு கொண்டுவருகிறார். போன மாதம் புதிதாக வந்த உதவி மேனேஜர் சின்னத்துரை, ஏன் எல்லோரும் கட்டையோடு வருகிறார்கள், ஏதாவது கலவரமா என்று பயந்து ஆபீசுக்கு ஓடிவந்ததும் நடந்தது. சர்க்கரை உள்ளவர் யாருக்கு அடிபட்டாலும், வெட்டுப்பட்டாலும், ஆபரேஷன் ஆனாலும், முதலில் நீல மருந்து, பிறகு கொதித்த நீர், பிறகு கழுவிய கை. இந்த முறையைச் செல்லம் இனி பிறழவிடமாட்டார் என்று தங்களுக்கு வாக்குக் கொடுக்கிறோம். விட்டால் தாப்பாவிலிருந்து தங்கள் சத்தம் கேட்கும் என்ற பயமும் இருக்கிறது.

இந்த மண்டபத்துக்கு வெளியே தாங்கள் வரும்போது கண்டிருப்பீர்கள். வழியனுப்ப வந்தவர் ஒவ்வொருவரும் ஒரு கட்டை போட்டிருக்கிறார்கள். மாலைக்குப் பதில் அது. தாப்பாவுக்கு ஏற்றிப்போக லோரியும் பேசியாயிற்று. அங்கே வெயில் அதிகம், விறகு எதற்கு என்று கேட்காதீர்கள். தண்ணீர் எங்கேயும் கொதிக்கத்தானே வேண்டும்.

தங்கள் வீட்டு அடுப்பு அணையாதிருக்க! தங்கள் உடம்பில் எந்தச் சோதனைக் குழாயும் நீலம் மாறாதிருக்க! தங்கள் கண்ணும் மூக்கும் இன்றுபோல் கூர்மையாக, நாக்கு மட்டும் கொஞ்சம் மழுங்கி, பேரப் பிள்ளைகள் சூழ நெடுநாள் நலமோடு வாழ்க!

மடல் நீண்டுவிட்டது என்று தாங்கள் கடிகாரத்தைப் பார்ப்பீர்கள் என்பது எழுதும்போதே தெரியும். நீட்டி எழுதச் சொன்னவர் கருப்பையா. "டிரஸ்ஸர் ஐயாவுக்கு வாசிக்கிறப்ப நான் உக்காரமாட்டேன். நீ எவ்வளவு வேணும்னாலும் எழுது சிங்காரம், நான் நிக்கிறேன்" என்று நேற்றே சொல்லிவிட்டார். முதல் வரியிலிருந்து தங்களுக்குப் பின்னால், கதவோரமாக, தடி இல்லாமல், இரண்டு காலையும் ஊன்றி நிற்கிறார். திரும்பிப் பாருங்கள் ஐயா.

இந்த மடலைத் தங்கள் கையில் தரப்போகிறவர் மணியம்மா. கூடவே ஒரு செம்பும் தருவார், மலையிறங்கும் வழியில் தாங்கள் குடிப்பதற்கு. அதில் என்ன இருக்கிறது என்று கேட்டோம்.

"கொதிச்ச தண்ணிதான்" என்றார். "நம்பிக்கை இல்லைன்னா அயோடின விட்டுப் பாத்துக்கச் சொல்லுங்க."

என்றும் தங்கள் ஏச்சுக்கு ஏங்கும்,
புதுமலைத் தோட்டத்து ஆஸ்பத்திரி ஊழியர், கிராணிமார், டீ பேக்டரித் தொழிலாளர், கங்காணிமார்.
1947, புதுமலைத் தோட்டம், கேமரன் மலை, பகாங்.